எஸ்கிபுலாஸ்: மூன்று நாட்டுக்கும் ஒரே ஆண்டவர்

குவாத்தமாலா நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 220 கிலோமீட்டர். சிக்கிமுலா நகரம் தாண்டிய பிறகு மலைப்பாதை. ஒரு வளைவில் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரிய, நடுவே நான்கு கோபுரங்களோடு வெள்ளை வெளேரென்று பேராலயம். அதுவரை தூங்கிவழிந்த பேருந்தே எழுந்து சிலுவை போட்டுக்கொண்டது.

எஸ்கிபுலாஸ் ஓர் எல்லை நகராட்சி. ஹோண்டுராஸுக்குப் போகும் அகுவா கலியென்தே சாவடி இங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான். தெற்கே எல் சால்வதோர். மூன்று நாடுகளும் ஒரு புள்ளியில் முட்டிக்கொள்ளும் மொந்தேகிறிஸ்தோ மலைமுகடு 2,418 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இந்த எல்லைக்கோடுகளுக்கெல்லாம் மூத்தவர் பேராலயத்துப் பீடத்தில் இருக்கும் கறுப்புக் கிறிஸ்து. கிரியோ கத்தானியோ என்ற சிற்பியிடம் 1594-இல் 100 தொஸ்தோன் வெள்ளிக்காசு பேசி, பாடுபட்ட சுரூபம் ஒன்றை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலையை, செய்யச் சொன்னார்கள். 1595 மார்ச்சில் அது ஊர் வந்து சேர்ந்தது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ் என்ற நாடுகள் பிறக்க அப்போது இன்னும் இருநூறு வருடத்துக்கு மேல் இருந்தது. மெழுகுதிரிப் புகையும் சாம்பிராணியும் படிந்து கறுத்தது என்று ஒரு பேச்சு. இங்குள்ள சோர்த்தி மாயா மக்களின் நிறத்துக்கு ஏற்பச் செய்தார்கள் என்று இன்னொரு பேச்சு. வரிசையில் நின்ற யாருக்கும் இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

பேராலயமே ஒரு நேர்ச்சைக்கடன். 1737-இல் நோய் தீரப்பெற்ற பேராயர் பெத்ரோ பார்தோ தெ ஃபிகேரோவா கட்டத் தொடங்கினார். முடிந்தது 1759-இல். அவர் 1751-லேயே காலமாகிவிட்டார். கல்லறை இங்கேதான். 1959-இல் வந்த பெனடிக்டைன் துறவிகள் இன்றும் பூசையும் பராமரிப்புமாக இருக்கிறார்கள்.

வரிசை பீடத்தின் பின்பக்கம் சுற்றி, கண்ணாடிக்குள் இருக்கும் சுரூபத்தின் அருகே கொண்டுபோய் விடுகிறது. நிற்கக் கிடைப்பது சில நொடி. கைக்குழந்தையின் நெற்றியைக் கண்ணாடியில் ஒற்றி எடுக்கிறார்கள், படுக்கையில் கிடக்கும் நோயாளியின் படத்தைத் தேய்க்கிறார்கள். வெளியேறும்போது ஆண்டவருக்கு முதுகு காட்டக் கூடாதென்று பின்னாலேயே நடக்கிறார்கள். எனக்கு முன்னால் ஹோண்டுராஸின் ஒகோதெபேகேயிலிருந்து வந்த ஒரு பாட்டி. பார்வையைப் பீடத்திலிருந்து எடுக்காமல் அடிமேல் அடி வைத்துப் பின்னால் வந்தார். பேரன் அவர் சால்வை நுனியைப் பிடித்து, தூண் வரும்போது மட்டும் லேசாக இழுத்துத் திருப்பினான். வருடாவருடம் இதே வேலை போலிருக்கிறது, பையனிடம் அவ்வளவு லாகவம்.

வெளியே வந்தால் வாகன மந்திரிப்பு. மூன்று நாட்டு நம்பர் பலகைகளோடு லாரி, பேருந்து, கார் எல்லாம் பானட்டைத் திறந்துவைத்து நிற்க, துறவி ஒருவர் எஞ்சினுக்கும் ஸ்டியரிங்குக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். ஓட்டுநர்களின் தலையில் பளபளக்கும் ஜிகினாச் சரம் சுற்றிய ஓலைத்தொப்பி. எஸ்கிபுலாஸ் போய்வந்ததற்கு அதுதான் அத்தாட்சி. கடைகளில் வெள்ளைக் களிமண் வில்லைகளும் விற்கிறார்கள், சாமிப்படம் அச்சிட்டு, மந்திரித்து. பிள்ளைத்தாய்ச்சிகள் கடித்துத் தின்கிறார்கள். நானும் ஒரு விள்ளல் வாயில் போட்டேன். நாக்கில் சாக்பீஸாக ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

ஊரின் பிழைப்பு முக்கால்வாசி ஆண்டவரைச் சுற்றித்தான். விடுதி, மெழுகுதிரி, மிட்டாய், சாப்பாட்டுக்கடை. மலைச்சரிவில் காப்பித் தோட்டங்களும் உண்டு. அரசியல்வாதிகளும் அவரை விட்டுவைக்கவில்லை. 1953-இல் பேராயர் ரோசெல் அரெய்யானோ இந்தச் சுரூபத்தின் நகலை நாடு முழுக்கப் பவனி கொண்டுபோய் கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரம் செய்தார். அடுத்த வருடம் குவாத்தமாலா அரசைக் கவிழ்க்க ஹோண்டுராஸிலிருந்து படையோடு எல்லை தாண்டிய காஸ்தியோ அர்மாஸ் முதலில் பிடித்த ஊர்களில் எஸ்கிபுலாஸும் ஒன்று. 1986 மே மாதம், உள்நாட்டுப் போர்களில் சிக்கியிருந்த மத்திய அமெரிக்காவின் ஐந்து அதிபர்களும் சமாதானம் பேச இங்கேயே கூடினார்கள். 1987-இல் அவர்கள் குவாத்தமாலா நகரத்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கும் இந்த ஊரின் பெயர்தான். எனக்கென்னவோ, ஆண்டவருக்கு இந்த இரண்டாவது வேலைதான் பொருத்தம்.

2006 முதல் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வதோர், நிகராகுவா மக்கள் தங்களுக்குள் அடையாள அட்டையைக் காட்டி எல்லை கடக்கலாம். ஒகோதெபேகே பாட்டிக்கு வெளிநாடு வந்த உணர்வே இல்லை. ஆனால் அதே அகுவா கலியென்தே சாவடி வழியாகத்தான் 2018 அக்டோபரில் ஆயிரக்கணக்கான ஹோண்டுராஸ்காரர்கள் அமெரிக்காவை நோக்கி நடந்துவந்தார்கள். இன்றும் முதுகுப்பையோடு கோயில் வரிசையில் நிற்கும் இளைஞர்களில் யார் திரும்பிப்போகிறவர், யார் வடக்கே போகிறவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. திருவிழா ஜனவரி 15. அந்த வாரத்தில் முன்பதிவு இல்லாமல் போய் அறை தேடாதீர்கள். நெரிசல் ஆகாதென்றால் மழைக்காலத்து வார நாள் ஒன்றில் காலைப் பூசைக்குப் போங்கள், கண்ணாடிக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விடுவார்கள்.