தைலம் தேய்த்த காலை அட்டை கடிக்காது

வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவேன். அரசு சித்த மருத்துவமனையில் சீட்டில் ‘அழல் கீல்வாயு’ என்று (மூட்டுத் தேய்மானத்துக்கு சித்த மருத்துவத்தில் அதுதான் பெயர்) எழுதிய டாக்டரம்மா, உள்மருந்தோடு, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியை முட்டியில் கடிக்க விட்டும் பார்க்கலாம் என்றார். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடலும் ஒன்று.

முதலில் ரத்தப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, எச்.ஐ.வி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு முன்னால் வந்த பெரியவர் இதயத்துக்கு அந்த மாத்திரை சாப்பிடுபவர். அவருக்கு அட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

குறித்த நாளில் போனேன். சோம்பிக் கிடந்த அட்டைகள் மஞ்சள் தண்ணீரில் விட்டதும் நெளிய ஆரம்பித்தன. அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி முட்டியில் வைத்தார்கள். ஒன்றுகூட வாய் வைக்கவில்லை, நழுவி நழுவிப் போயின. நர்ஸம்மா குனிந்து முகர்ந்தார். “காலையில தைலம் தேச்சீங்களா அண்ணாச்சி?”

தேய்த்திருந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டுமே! வெந்நீரில் துடைத்து, ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் காட்டிய பிறகுதான் முதல் அட்டை கவ்வியது. மொத்தம் நான்கு விட்டார்கள்.

கடி, எறும்புக் கடி அளவுதான். மேலே ஈரத்துணி போட்டார்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், கழுத்தை வளைத்துக்கொண்டு உடம்பில் அலை அலையாக இழுக்கிறது. ஒல்லியாக இருந்தது, முக்கால் மணி நேரத்தில் விரல் தடிமனாகித் தானே விழுந்தது. கடைசி ஒன்று விடுவதாக இல்லை. பிடித்து இழுக்காமல் வாயருகே மஞ்சள்தூள் தூவினார்கள், கழன்றது. கடித்த இடத்தில் பென்ஸ் கார் சின்னம் மாதிரி மூன்று கீறல்.

எல்லோரும் கடியைப் பற்றித்தான் பயமுறுத்துவார்கள். படுத்தியது அதற்கப்புறம்தான். அட்டையின் எச்சிலில் இருக்கும் ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது. மறுநாள் காலை வரை கசிந்தது. மூன்று கட்டு மாற்றினோம், ஒரு வேட்டி போச்சு. ஒரு வாரம் அரிப்பு. அட்டையின் குடலில் உள்ள பாக்டீரியா புண்ணில் தொற்றலாம், அதனால் காய்ச்சலோ வீக்கமோ வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், எனக்கு வரவில்லை.

வாரம் ஒன்றாக நான்கு தடவை. இரண்டாவதிலேயே வலி பாதியானது. ஜெர்மனியில் 51 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியான ஆய்விலும், டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணிக் களிம்பு பூசியவர்களைவிட அட்டை விட்டவர்களுக்கு முதல் வாரத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்ததாம். ஆனால் அட்டை கடிப்பது கடிபடுகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? குணமாகும் என்ற நம்பிக்கைக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

ஆறு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, “தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்” என்றார். மாடிப்படியில் இப்போது நேராகவே இறங்குகிறேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.