தாருக்கடியில் ஒரு பீரங்கி

குடிநீர்க் குழாய் ஒப்பந்த வேலையில் மெட்டல் டிடெக்டர் எதற்கென்றால், ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு மூடிவிட்ட வால்வு மூடியைக் கண்டுபிடிக்கத்தான். ஆனால் அது சோடா மூடிக்கும் கத்தும், கட்டுக்கம்பிக்கும் கத்தும். பழைய சந்தைப் பாதையாக இருந்தால் மாட்டு லாடம் வந்துகொண்டே இருக்கும். பிளந்த குளம்புக்கு அடிப்பதால் பாதிப் பாதியாக, ஆணித் துளையோடு கிடைக்கும். பார்த்ததும் தூக்கி எறிந்துவிடுவோம்.

அரச்சலூர்ப் பக்கம் கிடைத்ததை அப்படி எறிய முடியவில்லை. சாண் நீள இரும்புக் குழாய். ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்திருந்தது. வெளிப்புறம் இரண்டு பக்கமும் காது மாதிரி புடைப்பு.

"பீரங்கிங்ணா!" என்றான் கடப்பாரை பிடித்த பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஓடாநிலை பக்கத்தில்தான். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர். மேஸ்திரி இன்னும் பின்னால் போய், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி நொய்யல் கரையில் இரும்பு உருக்கிய கொடுமணல் ஊர்க்காரர்கள் காலத்துச் சாமான் என்றார். 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்று நான் சொன்னதும் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

துருவை வைத்து வயசு சொல்ல முடியாது. உப்பு மண்ணில் நேற்றுப் போட்ட கம்பியும் பாட்டன் காலத்தது மாதிரிதான் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது, வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம்: அச்சில் வார்த்த இரும்பு. கொடுமணல்காரர்கள் அடித்து உருவாக்கியவர்கள், ஆகவே மேஸ்திரி தோற்றார். இரண்டு முனையும் திறந்திருந்தன. அடைப்பில்லாத பீரங்கி சுடுகிறவனைத்தான் கொல்லும். உள்சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அசையாத சாமானென்றால் பாரம் விழும் பக்கம் மட்டுமே தேயும், இது சுழன்றிருக்கிறது. இடுக்கில் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. எதில் சுழன்றது என்பதுதான் பிடிபடவில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் வாங்கிப் பார்த்து, விரலை உள்ளே விட்டுச் சுரண்டினார்.

"வண்டி மை கண்ணு. வைக்கோல் கரியை வெளக்கெண்ணெயில கொழைச்சுப் போடுவோம். இது வண்டிச் சக்கரத்து நடுவுல, இருசு போற மரக் கொடத்துக்குள்ள இருக்கறது. மரத்துக்குள்ள தனியாச் சுத்திராம இருக்கத்தான் இந்தக் காது."

"அப்ப பீரங்கி இல்லீங்களா?" பையனுக்கு மனசே ஆறவில்லை.

"டயர் வண்டி வந்த பொறவு இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இந்த எடத்துலதான் ஆசாரி பட்டறை இருந்துச்சு. சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டறதெல்லாம் இங்கதான்."

எனக்கு அந்தக் கடைசிச் சேதிதான் உதவியது. பட்டறை இருந்த மண்ணில் அடிக்கு அடி இரும்புதானே. டிடெக்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவரைக் கூட்டிவந்து, புளியமரத்திலிருந்து டேப் பிடித்து அளந்து வால்வைத் தோண்டினோம்.