பதினைந்து வயது முடிந்த சான்ட்ரோவுக்கு ஆர்.சி. புதுப்பித்த அனுபவம்

2024 ஜூன் மாதம் புகைச் சான்றிதழ் எடுக்கப் போயிருந்தேன். ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, வாங்கிப் பார்த்த பையன், "சார், செப்டம்பரோடு பதினைந்து வருடம் முடிகிறது. வண்டியைக் கொடுக்கப்போகிறீர்களா, எஃப்.சி. காட்டப்போகிறீர்களா?" என்று கேட்டான். எஃப்.சி. காட்டுவது என்றால், பதிவைப் புதுப்பிக்க வண்டியைத் தகுதி ஆய்வுக்குக் கொண்டுபோவது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனத்தில் ஓடியது.

2009-இல் வாங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார். இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, 1086 சி.சி. பெட்ரோல். நாகப்பட்டினத்தில் வீடு, கீழ்வேளூரைத் தாண்டித் திருவாரூர் சாலையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். போக வர 45 கிலோமீட்டர். அன்றைக்கு மீட்டரில் 2,11,000 கிலோமீட்டர் நின்றது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனதும், மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பியதும் இந்த வண்டியில்தான். ஆனால் பாசத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கணக்கு எழுதிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

மகளுக்குப் புதுக் கார் வாங்கவேண்டும் என்பதில் இரண்டாவது எண்ணமே இல்லை. "அப்பா, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி எந்த நேரம் எங்கே நிற்கும் என்று யார் சொல்வது?" என்றாள். அவளுக்காக ஒரு சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். ஷோரூம் விலை ஆறரை லட்சம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் இருக்கும் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம்; அதுவே 84,500 ரூபாய். காப்பீடு, பதிவு எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது ஏழே முக்கால் லட்சம். கையிலிருந்து இரண்டு லட்சம் போட்டால், மீதிக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 11,900 ரூபாய்க்கு மேல். வட்டி மட்டும் ஏறக்குறைய 1,41,000. பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் என்று அவர்கள் சொன்ன தொகை 40,000.

எதிர்ப்பக்கக் கணக்கு என் நோட்டில் இருந்தது. வண்டிக்குச் செய்யும் ஒவ்வொரு செலவையும் தேதியும் கிலோமீட்டருமாக எழுதிவைப்பது என் வழக்கம். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பெட்ரோல் நீங்கலாக 84,000 ரூபாய். கிளட்ச் மாற்றியதும் ஏ.சி. கண்டென்சர் மாற்றியதும் அதில் அடக்கம். ஆண்டுக்கு 28,000 என்றால் மாதத்துக்கு 2,333. பெட்ரோலையும் விடக் கூடாது. என் வண்டி லிட்டருக்கு 14 தருகிறது. புது வண்டி 19 தரும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 14,000 கிலோமீட்டர் ஓடும் எனக்கு 260 லிட்டர் மிச்சம். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். காப்பீட்டில் நிலைமை தலைகீழ். 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு அப்போது 3,416 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இந்த வயதுள்ள வண்டிக்கு அதற்கு மேல் எடுப்பதில் பெரிய பயன் இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. 2027-இல் எனக்குப் பணி ஓய்வு. தவணை 2029 வரை போகும். சம்பளம் நின்ற பிறகு இரண்டாண்டு கடன் கட்டுவதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பழையதை வைத்துக்கொள்வதன் பக்கம் மனம் சாய்ந்தது அதனால்தான்.

ஆனால் வைத்துக்கொள்ளும் தகுதி வண்டிக்கு இருக்கிறதா? இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. வெளிப்பாளையத்தில் பத்தாண்டுக்கு மேலாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் ஒரு முழுநாள் ஒதுக்கச் சொன்னேன். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், அளந்தார். நான்கும் 150-க்கும் 160-க்கும் இடையில், ஒன்றுக்கொன்று ஒட்டியே இருந்தன. ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் கவலைப்படவேண்டும் என்றார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது என்று சொன்னேன். இந்த வயதுக்கு அது ஒன்றுமில்லை என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவருக்கு ஆகவில்லை.

"சார், கடற்கரை ஊரில் இன்ஜின் சாவதற்கு முன்னால் பாடி செத்துவிடும். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முதலில் அடியைப் பார்ப்போம்" என்று வண்டியை ஜாக்கியில் ஏற்றித் தாங்கிகளின் மேல் நிறுத்தினார். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு 'டிங்' என்று கணீரென்று ஒலிக்கிறது. துரு தின்ற இடம் ஈர மரத்தைத் தட்டியதுபோல் மந்தமாக இருக்கிறது. நானும் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒலி மாறியது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி, நுனியால் மெல்ல அழுத்தினார். தகட்டுக்குள் அது சொருகிக்கொண்டு போய்விட்டது.

மேலே ஏறி மிதியடியை எடுத்தோம். அதற்கு அடியில் இருந்த கம்பளம் கையில் கசிந்தது. பிழிந்தால் தண்ணீர். அதைக் கிழித்து விலக்கியதும், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டறையின் சிமென்ட் தரை தெரிந்தது. எத்தனை மாதம் அந்த இடத்தில் கால் வைத்து ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

காரணத்தையும் அன்றே கண்டுபிடித்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தபோது வண்டி வாசலில் நின்றது. வேப்பங்கிளை ஒன்று முறிந்து வலப்பக்கத்தில் விழுந்து, கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டை நெளித்துவிட்டது. அப்போது ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தேன். பளபளவென்று வந்தது. இப்போது அந்த இடத்தைத் தட்டியதும், வண்ணத்துக்கு அடியில் பூசியிருந்த பட்டி, வறட்டிபோல் ஒரே துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் தகடே இல்லை, செம்மண்போல் துருத்தூள்தான். தகடு வைத்துப் பற்றவைக்காமல், பட்டியை அப்பி வண்ணம் அடித்திருக்கிறார்கள். ஐந்தரை ஆண்டு உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் அதன் வழியாக உள்ளே போயிருக்கின்றன. டிங்கர் வேலை கொடுக்கும் யாரும், வண்ணம் அடிப்பதற்கு முன்பு ஒருமுறை நேரில் போய் வெறும் தகட்டைப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் விட்டதன் விலையைத்தான் நான் கட்டினேன்.

பிறகு மெக்கானிக் முக்கியமான மூன்று இடங்களைக் காட்டினார். பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பர் வந்து உட்காரும் இரண்டு மேடுகள். இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம் பாடியோடு சேரும் இடங்கள். பின்சக்கர அச்சு மாட்டியிருக்கும் இடங்கள். "இதில் ஒன்று போயிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தரையும் ரன்னிங் போர்டும் தகடு வைத்துவிடலாம். இவை வண்டியின் எலும்பு." மூன்றும் கணீரென்று ஒலித்தன. மேடுகளில் மட்டும் வண்ணம் உரிந்து மேல்துரு இருந்தது. வண்டியை வைத்துக்கொள்வது என்ற முடிவு அந்த ஒலியைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் உறுதியானது. மீட்டரில் இருக்கும் எண்ணைவிட இந்தத் தட்டல் பல மடங்கு உண்மை சொல்கிறது.

நாகூரில் இருக்கும் ஒரு டிங்கர் பாயிடம் வண்டி பதினோரு நாள் கிடந்தது. தரையில் அரித்த பகுதியை முழுதாக வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, அடிப்பாகம் முழுக்கக் கருப்புப் பூச்சு கொடுத்தார். 22,000 ரூபாய். வெல்டிங் முடிந்ததும் அவரே போன் செய்து, "வந்து பார்த்துவிட்டுப் போங்கள் சார், அப்புறம்தான் பெயின்ட் தொடுவேன்" என்றார்.

அடுத்தது மெக்கானிக் வேலை. வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்க இந்த இன்ஜினுக்கு டைமிங் செயின் கிடையாது, பெல்ட். ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினைப் பிரிக்கவேண்டி வரும். கடைசியாக மாற்றி 52,000 கிலோமீட்டர் ஆகியிருந்ததை நோட்டில் பார்த்தேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதோடு அந்த வழியில் இருக்கும் வாட்டர் பம்ப், எல்லாம் சேர்த்து 7,500. பம்ப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் அது ஒழுகினால் இதே வேலையை மறுபடி பிரிக்கவேண்டும். ஒரே கூலியில் முடிப்பதே புத்திசாலித்தனம். முன்சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்ம், புஷ், ஷாக் அப்சார்பர் 14,500. ரேடியேட்டரும் ரப்பர் குழாய்களும் 7,000. அதில் பெட்ரோல் குழாய்களையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை போவதாக இருந்தது. பழைய ரப்பரை நம்பி, சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோலை ஓடவிட எனக்கு மனமில்லை. நான்கு டயர் 13,000. டிங்கர் வேலையும் சேர்த்து ஆக மொத்தம் 64,000. சான்ட்ரோ ஜிங் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் இந்த உதிரிபாகங்கள் எல்லாம் திருச்சியிலிருந்து இரண்டு நாளில் பார்சலில் வந்துவிட்டன. கிடைக்காமல் போனது பின்கதவுக் கண்ணாடியை ஏற்றியிறக்கும் பாகம். அதைச் சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியதாகத் தெரிந்தவர் மூலம் வாங்கினேன்.

ஆர்.சி. வேலையை நானே செய்வது என்று தீர்மானித்திருந்தேன். காலக்கெடு முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், படிவம் 25. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விவரங்களைப் போட்டதும் ஒரு தடை வந்தது. 2014-இலேயே கட்டி முடித்த கார் கடன் ஆர்.சி.யில் இன்னும் வங்கியின் பெயரிலேயே நின்றுகொண்டிருந்தது. கடனை அடைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன், ஆர்.சி.யிலிருந்து நீக்க வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கொடுக்கவேண்டும் என்பது அப்போது தெரியாது. அந்த வங்கியும் இடையில் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய கணக்கு எண்ணைத் தேடி, கடிதம் வாங்க மூன்று வாரம். கடன் முடிந்த வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். கெடு தாண்டினால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும்.

புதுப்பிப்புக் கட்டணம் 5,000. 2022 ஏப்ரலுக்கு முன்பு அது 600 ரூபாயாக இருந்தது. பசுமை வரி, அட்டைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. பட்டறைச் செலவோடு கூட்டினால் 71,000. புதுக் காரின் ஆறு மாதத் தவணை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வுக்கு முதல் நாள் போனபோது வண்டி தேறவில்லை. பின்கண்ணாடியில் கருப்பு ஃபிலிம். 2012-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. வாங்கிய புதிதில் ஒட்டியது, பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்டது. பின் நம்பர் பிளேட் விளக்கும் எரியவில்லை. மூன்றாம் நாள் திரும்பப் போனேன். ஆய்வாளர் ஹார்ன், வைப்பர், விளக்குகள், கைபிரேக் எல்லாம் பார்த்துவிட்டுச் சேஸிஸ் எண்ணுக்கு வந்தார். மண்ணெண்ணெய்த் துணியால் முந்தின இரவே தேய்த்து வைத்திருந்தேன். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கத் தேய்க்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாண்டு, 2029 வரை.

மகளிடம் நான் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை. எத்தனை தகடு வைத்தாலும் அவற்றைக் கொண்டுவர முடியாது. அவள் கவலையில் நியாயம் இருக்கிறது. அதைப் பணக்கணக்கால் அடக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் இரவில் நான்குவழிச் சாலைக்கு வண்டியை எடுப்பதில்லை, சென்னைக்கு ரயில்தான், பின்னிருக்கையில் யார் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டாகவேண்டும் என்று முடிவுசெய்தோம். நெடுந்தூரம் அடிக்கடி குடும்பத்தோடு போகிறவர் என்னிடம் யோசனை கேட்டால், புது வண்டி வாங்குங்கள் என்றே சொல்வேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது மகள் மறுபடி கேட்டாள். நாங்கள் பார்த்த வண்டியின் விலையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் குறைகிறது. நோட்டை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். புதுப்பித்த பிறகு ஓராண்டில் பெட்ரோல் நீங்கலாக ஆன செலவு 21,000. பெட்ரோல் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. 14 கொடுத்த வண்டி இப்போது 13-ஐ ஒட்டித்தான் கொடுக்கிறது. ஓய்வுத் தொகை வந்த பிறகு கடனில்லாமல் வாங்குவது, அதுவரை இதுவே என்று அவளும் சம்மதித்தாள். 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 என்று ஆகியிருப்பதால் 2029-இல் இன்னொருமுறை புதுப்பிக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பொங்கலுக்கு முன்பு, வண்டியை ஏற்றி அடியைத் தட்டிப் பார்க்கிறோம். இந்த ஜனவரியில் மீட்டர் 2,31,000. புதுத்தகடு கணீரென்றது. வலப்பக்க மேடு சுத்தம். இடப்பக்க மேட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வண்ணம் உப்பியிருந்தது. சுரண்டினோம், அடியில் தகடு வெள்ளையாகவே இருந்தது. பிரைமர் வைத்து மூடி, இடத்தைச் சுற்றி மஞ்சள் வண்ணத்தில் ஒரு வட்டம் போட்டு, தேதியோடு 600 ரூபாய் என்று நோட்டில் எழுதினேன்.