பையின் எடையை விடுங்கள், இடுப்பைக் கேளுங்கள்

இந்த மலையேற்ற முதுகுப்பையின் கொள்ளளவு 50 லிட்டர், எடை 920 கிராம். எடையை நானே தராசில் வைத்துப் பார்த்தது. இதற்கு முன்பு நான் சுமந்த பை காலியாகவே இரண்டு கிலோவைத் தாண்டும். பொருள் எதையும் குறைக்காமலே ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் காலிப் பையைத் தூக்கிக்கொண்டு யாரும் மலை ஏறுவதில்லை. உள்ளே போகும் பத்துக் கிலோ எங்கே போய் உட்காருகிறது, தோளிலா இடுப்பிலா? நான் பையை எடைபோடுவது இதை வைத்துத்தான்.

அதற்கு முதலில் முதுகின் நீளம் தெரிய வேண்டும். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு புடைத்து நிற்கும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் அவை முதுகெலும்பில் ஒரு மட்டத்தில் வந்து நிற்கும். புடைத்த எலும்பிலிருந்து அந்த மட்டம் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 45 செ.மீ. ஆள் உயரம்தான், ஆனால் உயரமெல்லாம் காலில். ஆளைப் பார்த்து ‘லார்ஜ்’ எடுத்துக் கொடுப்பார்கள், எனக்குச் சரியாக இருப்பது ‘மீடியம்’.

அப்புறம் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். தலையணையைத் திணித்துப் பார்ப்பதில் பயனில்லை. தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி, துணியில் சுற்றி, முதுகை ஒட்டி அடுக்குங்கள். இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கிவிட்டுத் தோள் வார்களைத் தளர்த்துங்கள். பை அப்படியே நின்றால் பட்டை வேலை செய்கிறது. மெல்ல மெல்லக் கீழே வழுக்கினால் முழுச் சுமையும் தோளுக்குத்தான். இந்தப் பை ஒன்பது கிலோவில் அசையாமல் நின்றது. பதின்மூன்றாக்கியதும் கீழ்முதுகுப் பக்கம் பை பிதுங்கியது, பட்டையும் மடிந்துகொண்டது. படியில் ஏறி இறங்கியதில் இடது தோள் சீக்கிரமே முனகத் தொடங்கியது.

உள்ளே ஒரே ஓர் அலுமினியப் பட்டி இருக்கிறது. உருவி எடுத்து வளைக்கலாம். வந்தபடியே போட்டால் அது முதுகைத் தொடுவது நடுவில் மட்டும்தான். முழங்காலில் வைத்து என் முதுகின் வளைவுக்கு வளைத்துத் திரும்பச் செருகினேன். அதே ஒன்பது கிலோ, வேறு பை மாதிரி இருந்தது. இந்த உட்சட்ட யோசனை புதிதல்ல, அமெரிக்க மலையேறி கிரெக் லோவ் 1967-லேயே செய்து காட்டியது. இன்னும் எடை குறைக்கிறேன் என்று இந்தப் பட்டியையும் எடுத்துவிட்ட பைகள் உண்டு. அவற்றில் மடித்த பாய்தான் முதுகெலும்பு. பாதிப் பேர் அந்தப் பைகளிலும் தோள் வாருக்கு மேலே, பையின் மேல்பகுதியை உடலை நோக்கி இழுக்கும் இழுப்பு வார் ஒன்றைத் தைத்து வைக்கிறார்கள். இழுத்துப் பிடிக்க மேலே விறைப்பாக ஏதாவது இருந்தால்தானே அது வேலை செய்யும்? சும்மா அலங்காரம்.

முதுகுக்குக் காற்றுப் போக வலை கட்டிய பைகள் பிடித்தவர்களுக்குப் பிடிக்கட்டும். வலைக்கும் பைக்கும் நடுவே இடைவெளி விட்டால் சுமை அந்த அளவு பின்னால் தள்ளிப் போகும். கையை ஊன்றி ஏறும் பாறைச் சரிவில் அது ஆளைப் பின்பக்கம் இழுக்கும். எனக்கு முதுகு நனைந்தாலும் பரவாயில்லை.

துணிக்கு வருவோம். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். இதில் உடல் பகுதி 100 டெனியர் ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாமல் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும்) நைலான், அடிப்பாகம் 210. பையைத் தொப்பென்று பாறையில் வைப்பவர்களுக்கு அடிப்பாகம்தான் முக்கியம், அங்கே குறை இல்லை. பக்கவாட்டுப் பாக்கெட்தான் கவலை. இழுபடும் வலைத்துணி, முள்ளில் மாட்டினால் முதலில் கிழிவது அதுதான். பையை உள்பக்கம் வெளியே திருப்பித் தையலையும் பார்த்தேன். தோள் வார் உடலோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல், பிசிறில்லாமல் நாடா வைத்து மூடிய ஓரம். நம்பலாம்.

மழை? துணியில் நீர் இறங்காது, ஊசி குத்திய துளையில் இறங்கும். தையல்களின் மேல் நீர் புகாத டேப் ஒட்டாத எந்தப் பைக்கும் இதுதான் கதி. மேலே போர்த்தும் உறையைக் காற்று பிடுங்கப் பார்க்கும், முதுகுப் பக்கத்தை அது மூடுவதும் இல்லை. உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையைப் போட்டு, அதற்குள் தூங்கும் பையையும் மாற்றுத் துணியையும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

லிட்டர் கணக்கையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 20 மி.மீ. பந்துகளைக் கொட்டி அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் வெளிப் பாக்கெட்டுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. இந்த 50-இல் சுமார் பத்து வெளியே இருக்கிறது. உள்ளே இருப்பது 40 என்று நினைத்து அடுக்கினால் ஏமாற்றம் வராது.

ஆக, மொத்தச் சுமை பத்துக் கிலோவுக்குள் அடங்குகிறவர்களுக்கு இந்தப் பையைத் தயங்காமல் சொல்வேன். கூடாரமும் தூங்கும் பையும் கனமாக வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றை மாற்றட்டும், பையைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே புகார், எடைக்காக வார்களை ரொம்பவே ஒல்லியாக்கிவிட்டார்கள். நடக்க நடக்க நழுவுகின்றன, கையுறை போட்ட விரலுக்குப் பிடியும் கிடைப்பதில்லை. நுனியில் வாருக்கொரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.