கூந்தன்குளத்துக் கோடையும் கானலும்

கோடையில் எடுத்த பறவைப் படம் மசமசவென்று வந்தால் முதலில் பழி விழுவது லென்ஸ் மேல்தான். ஷட்டர் வேகத்தை 1/4000 நொடி வரை ஏற்றிப் பார்ப்பார்கள், பிறகு லென்ஸை சர்வீஸுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் காரணம் கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்று, ஒளி லென்ஸுக்குள் நுழையும் முன்பே அதை வளைத்துவிடுகிறது. எந்த ஷட்டர் வேகமும் அதை நேராக்காது. உருவத்தைப் பெரிதாக்க லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் பறவையோடு சேர்ந்து கானலும் பெரிதாகும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் இதைப் பழக நல்ல இடம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. சங்குவளை நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவிலுள்ள மரங்களிலும் கூடு கட்டும். குஞ்சுகள் வளரும் காலம் கோடைக்குள்ளும் நீளும். ஏப்ரல் நடுவில் அங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். காலை ஒன்பதுக்கே சூரியன் அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் ஏறிவிடும். ஆக, ஆறேகாலிலிருந்து எட்டரை வரைதான் வேலை நேரம்.

அதற்குப் பிறகும் எடுத்தே ஆக வேண்டுமென்றால் தொலைவைக் குறையுங்கள். 20 மீட்டருக்குள் உள்ள பறவை தப்பிக்கும், 80 மீட்டரில் உள்ளது தப்பாது. தார்ச் சாலைக்கும் காய்ந்த குளத்தரைக்கும் மேலாகக் குறி வைப்பதைவிட, தண்ணீருக்கு மேலாக எடுப்பது நல்லது. கானல் தரையை ஒட்டித்தான் அடர்த்தி, அதனால் காவல் கோபுரத்தில் ஏறினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் ஏசியையும் என்ஜினையும் அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே குளிர், வெளியே அனல் என்றால் ஜன்னலிலேயே காற்று கலங்கும். ஏசியில் குளிர்ந்த லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடுக்குள்ளும் இதே கதைதான். அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு எடுங்கள். தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம் தட்டினால் ஒன்றிரண்டு கூர்மையாக விழும்.

கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் போன்ற வெள்ளைப் பறவைகளுக்கு ஒளி அளவைக் காமிராவே முடிவு செய்யும் ஆட்டோவை நம்பக் கூடாது. பின்னால் கருவேல மரத்தின் இருட்டு இருந்தால் இறகு வெளுத்துப்போகும். வெயில் ஏறியதும் மேனுவலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/2000 என்று வைத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்து ஒளியைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் கூட்டின் மேல் நிற்பது போஸ் அல்ல. குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கிறது. மரத்தடியில் ட்ரைபாடை விரித்து அதை எழுப்பிவிட்டால், இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வெந்துபோகும். ஊர்க்காரர்கள் நடமாட்டம் அதற்குப் பழகியது, நீட்டிய லென்ஸோடு நிற்கும் வெளியாள் பழகவில்லை. எதிர்த் திண்ணையின் நிழலில் பத்து நிமிடம் காமிராவைத் தூக்காமல் உட்காருங்கள். நாரை உங்களைப் பார்ப்பதை நிறுத்திய பிறகு எடுக்கலாம்.

பூக்களுக்கு வேறு கணக்கு. ஆவாரையும் சரக்கொன்றையும் மஞ்சள். காமிரா சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பதியும் சானல்களில், மஞ்சளுக்குச் சிவப்புச் சானல் முதலில் நிரம்பி, இதழ் வரிகளெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் இதைக் காட்டாது. நிறம் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒளியை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). ஏழரைக்கு மேல் காற்று கிளம்பிக் கிளை ஆடும், அதற்கு முன்பே முடிப்பது நல்லது. வெயில் விழுந்துவிட்டால் வெள்ளை வேட்டித் துணியைப் பூவுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பிடித்தால் நிழல் மென்மையாகும். இலைப் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டர் எடுத்துவிடும்.

நிலக்காட்சிக்குக் கோடை வானம் பெரும்பாலும் உதவாது, தூசியில் வெளுத்துக் கிடக்கும். ஆனால் கோடை மழை பெய்த மறுநாள் காலை மேற்கே மலைத்தொடரின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் தெரியும். 200 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், எஃப் 8 வைத்து எடுக்கலாம். ஈரத் தரை காயத் தொடங்கினால் கானல் திரும்பிவிடும் என்பதால் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.