உப்புக்காற்றும் முதல் தந்தியும்

சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே கிட்டாரின் முதல் தந்தி பட்டென்று அறுந்து புறங்கையில் அடித்தது. மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அறுந்த முனையைப் பார்த்தேன். கட்டையில் அழுந்தி நின்ற இடத்தில் மட்டும் பழுப்பாகத் துரு. தேய்த்தால் விரலெல்லாம் இரும்பு வாடை. தடித்த நான்கு தந்திகளுக்கு மேலே வெண்கலச் சுற்று இருக்கிறது. அவை கறுத்து, ஒலி மங்கும். மெல்லிய இரண்டும் வெறும் எஃகு. முதலில் போவது அவைதான்.

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்த ஜன்னலைத் திறந்தாலும் உப்புதான். அலமாரியில் இருக்கும் நாவல்கள்கூட உப்பிப்போய்விட்டன.

வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "நைலான் இருக்கும்போது எதற்குத் தம்பி இரும்பு?"

பருத்தி வலையை விட்டு நைலானுக்கு மாறிய ஊர், கேட்கத்தான் செய்வார். நைலானுக்கென்றே தனி கிட்டார் உண்டு என்று சொன்னேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

1979இல் டாஸ்கம் நிறுவனத்தின் நான்கு தடக் கேசட் பதிவுக் கருவி வந்தது; நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து சேர்க்கலாம். படுக்கையறையிலேயே ஆல்பம் செய்துவிடலாம் என்ற துணிச்சல் பலருக்கு வந்தது அதன் பிறகுதான். அந்தப் பதிவுகளின் இரைச்சலை, வீட்டிலேயே பாட்டுப் பதியும் நாங்கள் இன்றும் கொண்டாடுகிறோம். மங்கிய ஒலிக்காகவே பழைய தந்தியை மாற்றாமல் வைத்திருக்கும் கலைஞர்களும் இருக்கிறார்கள். இந்த உப்புக்காற்றில் அந்த மங்கல் இலவசம். கூடவே மீன்காரரின் குரலும் பதிவாகிவிடும்.

ஆனாலும் அறுந்த தந்தியில் எந்த அழகியலும் இல்லை. மதுரைக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்: மேற்பூச்சுள்ள எஃகுத் தந்தி, இரண்டு செட். பணம் உடனே அனுப்பிவிடுகிறேன்.