வாசிப்பில் என்ன தப்பு?

"வாசிப்புல என்ன சார் தப்பு?" என்றுதான் அந்தப் பையன் கேட்டான். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். "அப்புறம் ஏன் என்னை எடுக்கல?" என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டிவி செய்தி வாசிக்க ஆள் எடுக்கும் ஆடிஷனில் நான் முதலில் மானிட்டரைப் பார்ப்பதில்லை. ஹெட்போனில் குரலை மட்டும் கேட்பேன். முகத்துக்கு மேக்கப் உண்டு, ல-ள-ழ குழப்பத்துக்குக் கிடையாது. அன்றைக்கு ஆகச் சிறந்த வாசிப்பு அவனுடையதுதான். விழுப்புரம், சோழிங்கநல்லூர் எல்லாம் சுத்தம். வாசிக்க வேண்டியதைத் திரையில் ஓட்டும் ப்ராம்ப்டர் நடுவில் நின்றபோது அலட்டிக்கொள்ளாமல் கையிலிருந்த தாளுக்கு மாறினான். பட்ஜெட் செய்தியில் கோடிகளை மூச்சிரைக்காமல் சொன்னான். பெண் என்றே நினைத்து டிக் அடித்துவிட்டு நிமிர்ந்தால், மீசை வைத்த ஆள். மேசையில் சிரிப்பு.

பெண் குரல் கனத்தால் நமக்குப் பிடிக்கும். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த ஆகாசவாணிச் செய்தியைக் கேட்டவர்கள் கம்பீரம் என்றார்கள். இன்றும் புதிதாக வரும் பெண்களிடம் "குரலை இறக்கிப் படிம்மா" என்கிறோம், தொண்டை கட்டும்வரை. ஆண் குரல் மெலிந்தால் மட்டும் அது மிமிக்ரி. இதைக் கூட்டத்தில் நானேதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒன்பது மணி புல்லட்டினுக்கு வேறொருவருக்குக் கைதூக்கினேன்.

காரணம் இருக்கிறது. பஸ் கவிழ்ந்து ஆட்கள் செத்த செய்தியில், பார்க்கிறவர் கவனம் குரலுக்குப் போனால் செய்தி போச்சு. சவுண்ட் என்ஜினியர் "பேஸ் ஏத்தி, குரலைக் கனமாக்கித் தர்றேன்" என்றார். ஆண் குரலின் அடிச்சுருதி சுமாராக 120 ஹெர்ட்ஸ், பெண்ணுக்கு 200. இவன் குரல் அந்த 200 பக்கம். கீழே இல்லாததை, இருக்கிற ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் எங்கிருந்து ஏற்றும்? ஏசி இரைச்சல்தான் ஏறும்.

ஆனால் கவனம் சிதறுவது எத்தனை நாளைக்கு? 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் டிவியில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசிக்க உட்கார்ந்தபோது, ஜனங்கள் செய்தியை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்திருப்பார்கள். அந்த முதல் நாளை அவருக்கு யாரோ கொடுத்தார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மீம் போட்டே அவனை விரட்டியிருப்பார்கள், காப்பாற்றினோம் என்றும் தோன்றுகிறது. இது எவ்வளவு சௌகரியமான எண்ணம் என்பதும் தெரிகிறது.

இப்போது அந்தப் பையன் எங்கள் டெஸ்க்கில் செய்தி எழுதுகிறான். அவன் வாக்கியத்தில் மூச்சு முட்டாது என்று வாசிப்பவர்கள் அவன் எழுதியதைக் கேட்டு வாங்குகிறார்கள். சமீபத்தில் வாய்ஸ் ஓவருக்கு ஆள் வராததால் அவனையே பேச வைத்தோம். ஒரு புகார்கூட இல்லை. குரல் நல்லா இருந்தா ஜனங்க கேப்பாங்க என்பது சவுண்ட் என்ஜினியரின் கட்சி. முகம் தெரியவில்லை, பெண் என்றே நினைத்திருப்பார்கள் என்பது என் கட்சி.